டொலர் வரும் வீடு

பேப்பரில் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள் சேர். ஒரு நிமிஷம். கப்பலும் பெட்டிகளும் படம் போட்டிருக்கிறதே, அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? கண்ணாடி இல்லாமல் எனக்குப் பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும். ‘நாட்டைத் தாங்கும் ஏற்றுமதிகள்.’ சரி. அதற்குக் கீழே? முதலாவது ஆடை. சரி. அடுத்தது தேயிலை. சரி. அதோடு வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் அனுப்பும் காசு. ஆள் சரியாகத்தான் எழுதியிருக்கிறான்.

இந்த மூன்றும் என் வீட்டில் இருக்கிறது சேர். சிரிக்காதீர்கள். தேயிலை நான். ஆடை என் மகள். வெளிநாடு என் பெண்சாதி. தோட்டத்து வரிசை வீட்டில், ஒரே லயத்தில் ஒரே காம்பராவில் மூன்றும். அந்தப் பேப்பர்க்காரன் கொழும்பில் உட்கார்ந்து யார் யாரையோ கேட்டு எழுதியதற்கு, மஸ்கெலியாவுக்கு ஒரு பஸ் ஏறி வந்திருந்தால் ஒரே இடத்தில் வேலை முடிந்திருக்கும். தேத்தண்ணியும் கொடுத்திருப்பேன். அதாவது, யாராவது போட்டுத் தந்தால் கொடுத்திருப்பேன்.

என் பேர் மருதவீரன். தோட்டத்து ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் கடையில்லை, தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கொழுந்தை வாட்டி, அரைத்து, கடைசியில் காய வைக்கிற இயந்திரத்துக்கு அனுப்புவார்கள். அந்த இயந்திரத்துக்குச் சூடு கொடுக்கிற அடுப்பு என் பொறுப்பு. சும்மா விறகைத் தள்ளுகிற வேலை என்று நினைக்காதீர்கள். சூடு கூடினால் கருகும், குறைந்தால் புளிக்கும். கொழும்பில் ஏலத்துக்கு முன்னால் தேத்தண்ணியை வாயில் வைத்துத் துப்பிப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். துப்பும்போது அவர்களுக்குப் புகை வாடை அடித்தால் மஸ்கெலியாவில் தோட்டத்து மேனேஜர் துரை என்னைக் கூப்பிடுவார். இருபது வருஷத்தில் இரண்டு தரம்தான் கூப்பிட்டிருக்கிறார். ரஷ்யாக்காரன் குடிப்பது, ஈராக்காரன் குடிப்பது எல்லாம் என் அடுப்பில் காய்ந்தது.

வீட்டு அடுப்பு மட்டும் எனக்குப் பழக்கமில்லை. அது வேறு வேலை. புஷ்பம் போனதிலிருந்து பக்கத்துக் காம்பரா அக்காதான் சோறு தருகிறாள். கொஞ்ச நாளாக முகத்தைத் திருப்பிக்கொண்டு தருகிறாள். அது கிடக்கட்டும்.

புஷ்பம் என்பது என் பெண்சாதி, புஷ்பராணி. மகள் சுலோஜினி. நாங்கள் சுலோ என்போம். கட்டுநாயக்காவில் கார்மென்டில் தைக்கிறாள். என்னிடம் சட்டை தைக்கிறதாகத்தான் சொல்லியிருந்தாள். அவளோடு வேலை செய்கிற பிள்ளை தீபாவளிக்கு வந்தபோது வாய் தவறி உளறிவிட்டது. பொம்பளைகள் உள்ளே போடுகிறதைத்தான் தைக்கிறார்களாம். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்தேன். டொலர்தானே வருகிறது? அதில் மேல் துணி, உள் துணி என்று எழுதியா இருக்கிறது?

கெட்டிக்காரி சேர். அவளுக்கு முன்னால் இருக்கிறவள் ஒரு தையல் போட்டுத் தள்ளுவாள், இவள் அடுத்த தையல் போட்டுப் பின்னால் தள்ளுவாள். நடுவில் ஒருத்தி எழுந்து போனால் துணி மலையாகக் குவிந்துவிடுமாம். அதனால் தண்ணீர் குடிக்கமாட்டாள். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டிவருமே. ‘அப்பா, சாயங்காலம்தான் குடிப்பேன்’ என்பாள். அவ்வளவு பொறுப்பு. என்னைப் போல.

பஸ் யட்டியாந்தோட்டைக்கு வந்துவிட்டதா? இந்தப் பக்கமெல்லாம் ரப்பர். பாருங்கள், மரத்துக்கு மரம் சிரட்டை கட்டியிருக்கிறார்கள். இதுவும் ஏற்றுமதிதான். அந்தப் பேப்பரில் போட்டிருப்பானே, டயர், கையுறை என்று? இது ஒன்றுதான் என் வீட்டில் இல்லை. இன்னொரு பிள்ளை இருந்திருந்தால் இதற்கும் ஒன்றை விட்டிருக்கலாம்.

புஷ்பம் போன கதையைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். உரம் வராமல் நின்ற வருஷம் ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு அது பேப்பரில் வந்த செய்தி. எங்களுக்கு மலையே மஞ்சளடித்துப் போனது. கொழுந்து எடுக்கிறவர்களுக்குச் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டுப் பாதி ஆளாகத் திரும்பி வருவார்கள். கொழுந்து இல்லாமல் ஸ்டோரில் என்ன இருக்கும்? கிழமையில் பாதி நாள் அடுப்பு அணைந்து கிடந்தது. அணைந்த அடுப்புக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு வருகிற கோபம் உங்களுக்குத் தெரியாது.

அப்போதுதான் அவள் குவைத்துக்குப் போனாள். நான் அனுப்பவில்லை சேர். அவளாகத்தான் போகிறேன் என்றாள். நான் தரகரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டுக்கும் மெடிக்கலுக்கும் கூடப் போனேன். தனியாக விடவில்லை. ஏர்போர்ட்டில் உள்ளே போகிறபோது திரும்பி, ‘போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க’ என்றாள். விளையாட்டுக்குத்தான். அவள் அப்படி ஏதாவது சொல்வாள்.

அங்கே மூன்று மாடி வீடாம். வீட்டுக்காரன், அவன் பெண்சாதி, பிள்ளைகள், கிழவன் கிழவி, எல்லாருக்கும் இவள் ஒருத்தி. முதல் வருஷம் ஒரு குறையும் சொல்லவில்லை. இரண்டாவது வருஷத்தில் ஒரு நாள் கூப்பிட்டாள். ‘சுலோ அப்பா, படியிலேர்ந்து விழுந்துட்டேன். கையைத் தூக்க முடியல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னா, மேடம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது’ என்றாள்.

நான் தைரியம் சொன்னேன். ‘தைலம் தடவு. எந்தக் கை?’ என்று கேட்டேன். இடது கை என்றாள். ‘அப்போ சமாளிச்சிக்கலாம், இன்னும் கொஞ்ச மாசம்தானே’ என்றேன். அதற்குப் பிறகு அவள் எனக்குக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. மகளுக்குத்தான் கூப்பிடுவாள். பொம்பளைப் பேச்சு பொம்பளைகளுக்குள்ளேதானே.

பிறகு ஒரு நாள் குப்பை போடப் போகிற சாக்கில் வெளியே வந்து, டாக்சி பிடித்து, நம் தூதரகத்துக்கு ஓடிவிட்டாள். அங்கே இவளைப் போல நிறையப் பேராம், ஒரே மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்களாம். வீட்டுக்காரன் விடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் அந்த நாட்டை விட்டு வெளியே வரமுடியும். அவன் ‘என் வீட்டு வேலைக்காரி ஓடிவிட்டாள்’ என்று பொலிசுக்குச் சொல்லிவைத்திருக்கிறான்.

புஷ்பம் அந்தக் கையைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்ப, மகள் அதை எனக்கு அனுப்பியிருந்தாள். முழங்கைக்குக் கீழே கறுத்து, வீங்கி. அது புஷ்பத்தின் கை என்று சொன்னால்தான் தெரியும். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை சேர். மலையில் அவளுக்கு முன்னால் ஒருத்தி போக முடியாது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் பறக்கும். கொழுந்தைப் பார்க்காமலே தோளுக்கு மேலே கூடைக்குள் எறிவாள். அந்தக் கை. எப்படியாவது அவளைக் கொண்டுவர வேண்டும். எனக்கு வேறு ஒரு யோசனையும் இல்லை. அவள் வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கு அந்த வழி தோன்றியது. யாரும் சொல்லித்தரவில்லை, நானாக யோசித்தது.

மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை உண்டு. இந்த வரிசைச் செடி உனக்கு, அந்த வரிசை அவளுக்கு. என் அம்மாவுக்கு இடுப்புப் போனபோது, மறுநாள் காலையில் ஆள் பிரிக்கிற இடத்தில் புஷ்பம் போய் நின்றாள். கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகவில்லை. கங்காணி, ‘மாமியாளுக்குப் பதிலாவா?’ என்றார். ‘ஆமாங்க.’ ‘போ, அதே நிரையைப் பிடி.’ முடிந்தது. கூடைகூட அதே கூடைதான். வீட்டுக்கு ஒரு ஆள் தோட்டத்துக்கு நிற்க வேண்டும். எந்த ஆள் என்பது வீட்டுக்காரர் பாடு. ஒருத்தி விழுந்தால் இன்னொருத்தி. நிரையும் காலியாகாது, காம்பராவும் கையை விட்டுப் போகாது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. குவைத்தானும் ஒரு துரைதானே? அவனுக்கு வேலை நடக்க வேண்டும். யார் செய்தால் என்ன?

கொழும்பு மருதானையில் அவளை அனுப்பிய ஏஜென்சிக்காரர் இருக்கிறார். அவருக்குப் போன் போட்டேன். முதலில் கத்தினார். ‘ஓடிப்போன பொம்பளைக்கு நான் பொறுப்பு இல்ல, போனை வை’ என்றார். நான் பணிவாகத்தான் கேட்டேன்.

‘ஐயா, பதிலாள் குடுத்தா அவளை விட்டுருவாங்களா?’

கத்துவதை நிறுத்தினார். பிறகு குரலே மாறிவிட்டது.

‘யாரு இருக்கா?’

‘மகள் இருக்குங்க. இருபத்துமூணு வயசு. சமைக்கும், தைக்கும். சிங்களமும் நல்லாப் பேசும்.’

‘படம் ஒண்ணு அனுப்புங்க மருதவீரன்’ என்றார். அதுவரை அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது சேர்.

திருவிழாவுக்குச் சாரி கட்டி எடுத்த படம் இருந்தது. அனுப்பினேன். தங்கியிருக்கிற இடத்து முகவரியும் கேட்டார், கொடுத்தேன். மறுநாள் அவரே கூப்பிட்டார். குவைத்தானுக்குக் காட்டினாராம், பிடித்திருக்கிறதாம். ‘இன்னும் ரெண்டு மூணு வீட்டிலயும் கேக்கிறாங்க’ என்று சொல்லிச் சிரித்தார். இன்றைக்கு ஆபீஸ் பூட்டுவதற்குள் அவளை நேரில் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் போகிறேன். முதலில் கட்டுநாயக்கா, பிறகு அவளோடு மருதானை.

ஏன் சேர் அப்படிப் பார்க்கிறீர்கள்?

அவளுக்குக் கல்யாணம் காட்சி ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருஷம்தான். தாயை மீட்கிறதற்கு ஒரு மகள் இதைக்கூடச் செய்யமாட்டாளா? அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இவள் இளம் வயசு, படியில் விழமாட்டாள்.

நானா? நல்ல கதை. நான் போனால் அடுப்பை யார் பார்ப்பது? ஏஜென்சிக்காரரும் பேச்சுக்குக் கேட்டார்தான். ‘தோட்டக்காரன் வேலை இருக்கு, நீங்க வாறீங்களா?’ என்றார். எனக்கு முழங்கால் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். உண்மைதான், குளிர் காலத்தில் வலிக்கும். அங்கே குளிர் இல்லை என்கிறீர்களா? நீங்கள் வக்கீலா சேர்?

ஒரே ஒரு சிக்கல். அவள் என் போனை எடுக்கவில்லை. கொஞ்ச நாளாகவே எடுக்கவில்லை. விஷயத்தை நான் அவளிடம் சொல்லவும் இல்லை. நேரில் சொன்னால்தான் முகத்தைப் பார்த்துத் தட்டமாட்டாள் என்று நினைத்தேன். பக்கத்துக் காம்பரா அக்காவிடம் மட்டும்தான் வாய்விட்டேன். அவள் ஊதிவிட்டிருப்பாள். அதனால்தான் உங்களிடம் கேட்கலாமா என்று அட்டனில் பஸ் ஏறியதிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். உங்கள் போனைக் கொஞ்சம் தருவீர்களா? தெரியாத நம்பர் என்றால் எடுப்பாள். இன்றைக்கு அவளுக்கு லீவு. காசு வேண்டுமானால் கொடுத்துவிடுகிறேன். இல்லையா, சரி. நல்லது சேர். நம்பர் சொல்கிறேன், நீங்களே அழுத்திக் கொடுங்கள்.

அடிக்கிறது.

‘ஹலோ. சுலோ? அப்பா பேசுறேன். வைக்காத. வைக்காத புள்ள. பஸ்ஸில வந்துகிட்டிருக்கேன், இது வேற ஆளோட போன். அவிசாவளைகிட்ட. நீ துணியெல்லாம் எடுத்து வச்சிக்கிட்டு... என்னது? ஆமா, அந்த அக்கா சொன்னிச்சா? நான் நேர்ல சொல்லலாம்னு... கத்தாத. பஸ்ஸுல ஆள் இருக்கு. அம்மாவுக்காகத்தானே... என்ன? எந்த மிஸ்? எப்போ? யாரு கையெழுத்து? நீ மெதுவாச் சொல்லு, எனக்கு விளங்கல... நான் அப்படிச் சொல்லலியே. பதிலாள் குடுத்தா விடுவாங்களான்னு கேட்டேன், அவ்வளவுதான். கேட்டது தப்பா? சுலோ... சரி. சரி. அழாத. கை எப்படி இருக்காம்? வெட்டணுமா? யாரு சொன்னது?... சரி. சொல்றேன். அப்படியே சொல்றேன். சுலோ? சுலோ?’

வைத்துவிட்டாள். இந்தாருங்கள் போன். நன்றி சேர்.

இல்லை, ஒன்றுமில்லை. கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா?

எல்லாம் முடிந்திருந்ததாம். தூதரகத்தில் ஒரு மிஸ் இருக்கிறாளாம், சுலோ தினமும் அவளோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் கார்மென்ட் கேட்டுக்கு வெளியே நின்று பேசுவாளாம். அந்த மிஸ் வீட்டுக்காரனிடம் பேசிப் பேசி, அவன் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டானாம். டிக்கட் போடுகிற நேரம். இந்தச் செவ்வாய்க்கிழமை புஷ்பம் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் வந்து இறங்கியிருப்பாளாம். எனக்குச் சொன்னால் நான் ஊரெல்லாம் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவேன் என்று சொல்லவில்லையாம்.

போன கிழமை வீட்டுக்காரன் பேச்சை மாற்றிவிட்டான். ‘பதிலாள் வருகிறதாமே. அது முதலில் வந்து சேரட்டும், பிறகு இவளுக்குக் கையெழுத்து’ என்று சொல்லிவிட்டானாம். யார் பதிலாள் தருவதாகச் சொன்னது என்று அந்த மிஸ் சுலோவிடம் கேட்டாளாம். சுலோவுக்கு என்ன தெரியும்? தாயும் மகளும் விழித்தார்களாம். பிறகுதான் அந்த அக்காவின் போன் போயிருக்கிறது.

நான் என்ன செய்தேன் சேர்? கேட்டேன். கேட்டது மட்டும்தான். அவன் விட இருந்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

கையை டாக்டர் பார்த்தாராம். ஆபரேஷன் உடனே செய்தால் பிழைக்கும், தள்ளிப்போனால் எடுத்துவிட வேண்டியதுதான் என்றாராம். அங்கே அந்த மண்டபத்தில் இருக்கிறவளுக்கு யார் செய்வது? இங்கே வந்தால்தான். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குச் சுலோ எல்லாம் பேசி வைத்திருந்தாளாம்.

அவள் சொன்னது இதுதான். ‘அப்பா, நீங்க இங்க வராதீங்க. நேரா மருதானைக்குப் போங்க. பதிலாள் கிடையாதுன்னு அந்த ஆளுக்குச் சொல்லுங்க. அவன் கேட்டா, எனக்கு மகளே இல்லன்னு சொல்லுங்க. சொல்லிட்டுக் கூப்பிடுங்க, எடுக்கிறேன். அதுவரைக்கும் கூப்பிடாதீங்க.’

மகளே இல்லை என்று எப்படிச் சொல்வது? படம் அவர் போனில் இருக்கிறது. முகவரி அவரிடம் இருக்கிறது. வரமாட்டேன் என்கிறாள் என்று சொன்னால், ‘நீங்க தள்ளி நில்லுங்க மருதவீரன், நான் பேசிக்கிறேன்’ என்று ஆளை அனுப்பிவிடுவார். அவர் விடுகிற ஆள் இல்லை. இரண்டு மூன்று வீட்டில் கேட்கிறார்கள் என்று சொன்னாரே, அது வேறு. கட்டுநாயக்காவில் அவளுக்குத் தனிக் காம்பராதான், கதவில் ஒரு கொண்டிதான் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார். இருந்தாள், இப்போது இல்லை என்று சொன்னால்?

அப்படிச் சொன்னால் நம்புவார்தானே சேர்? செத்துப்போன ஆளை யாரும் கூட்டிக்கொண்டு வரச் சொல்ல முடியாது. குவைத்தானுக்கும் அதையே சொல்லிவிடுவார். அவன் வேறு ஆளைத் தேடிக்கொண்டு புஷ்பத்தை விட்டுவிடுவான். இவ்வளவு நாளில் இப்படி ஒரு பேச்சு என் வாயில் வந்ததில்லை. எதனால் என்று கேட்பாரே. காய்ச்சல் என்றால் போதுமா? கட்டுநாயக்கா பக்கம் டெங்கு இருக்கிறது, பேப்பரில் போடுகிறான்தானே? மகள் நேற்றுச் செத்திருந்தால் இன்றைக்கு நீ எப்படி இங்கே வந்து நிற்கிறாய் என்று கேட்பாரோ? அப்படியானால் முந்தாநாள் அடக்கம் முடிந்தது என்று சொல்லலாம். நீங்கள் படித்தவர், எனக்கு இது ஓடவில்லை. ஹங்வெல்ல வந்துவிட்டது. சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள்.

ஒரு தரம் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள்தான் அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐயா, என் மகள் செத்துப்போச்சுங்க.’

எப்படி இருக்கிறது? நம்புகிற மாதிரி இருக்கிறதா?

அழுகை வந்தால்தான் நம்புவார். வருகிறது பாருங்கள். இப்போதே வந்துவிட்டது. இதை மருதானை வரைக்கும் எப்படிச் சேர் பிடித்து வைப்பது?